மூன்று வாய் கடந்த கதை

எங்கள் பக்கம் வந்து அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொல் வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. 'பொறவு?' என்பதுதான்.

அந்த ஜெர்மன் அம்மா திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கினார். மொழிபெயர்ப்பாளனாக நான் கூட்டிப்போக வந்திருந்தேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே, "இவர் காலையிலிருந்து என்ன செய்தார் என்று கேள்" என்றார் ஜெர்மனில். நான் கேட்டேன். ஆட்டோக்கார அண்ணாச்சி கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார்.

"என்ன செஞ்சேன்? எந்திரிச்சேன், பல்லு வெளக்கினேன், வண்டிய எடுத்தேன். வேற என்னவே செய்வாவ?"

அதை அப்படியே சொன்னேன். "அதற்கு அடுத்தது என்ன என்று கேட்க உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது?" என்றார். பிறகு என்று சொல்லலாம் என்றேன். அண்ணாச்சி விடவில்லை. "பொறவுன்னு சொல்லச் சொல்லும்வே. அதுல்லா நம்ம பேச்சு."

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்து, "பொறவு?" என்றார். அவ்வளவுதான். வண்ணார்பேட்டை தாண்டுவதற்குள் அண்ணாச்சியின் மச்சினன் நிலத் தகராறு தொடங்கிவிட்டது. தங்கும் விடுதி வந்த பிறகும் அண்ணாச்சி எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்து கதையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். கைகுலுக்கி அனுப்பிவிட்டு அவர் என்னிடம் சொன்னார்: "நல்ல ஊர். கேட்டால் சொல்கிறார்கள்."

அவர் ஜெர்மன் சினிமா இயக்குநர். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நெடிய உடம்பு, ஆண்கள் போடும் சட்டை, எங்கள் ஊர்க் கடையில் வாங்கிய ரப்பர் செருப்பு. வாழ்நாள் முழுக்க நாவல்களையும் கதைகளையும் மட்டுமே படமாக்கியவர். சொந்தமாக ஒரு கதை யோசித்ததே இல்லையாம். "யோசிக்கத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள். நான் எதற்கு நடுவில்?" என்பார். அவர் நாட்டில் அவரைப் புத்தகங்களுக்கு வாழ்க்கைப்பட்டவர் என்று கேலியாக எழுதுவார்களாம். "கட்டிய ஆண்கள் இரண்டு பேரையும் விட்டு வந்தேன். புத்தகங்களை விட்டதில்லை. கேலி செய்கிறவர்கள் உண்மையைத்தான் எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லிச் சிரிப்பார்.

நான் அப்போது டிப்ளமோ முடித்துவிட்டு, ஜெர்மனியில் வேலை கிடைக்கும் என்று நம்பி அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தேன். உம்மா பீடி சுற்றினாள். வாப்பா மீன் மார்க்கெட்டில் கூடை தூக்கினார். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் அச்சில் வந்த எதன்மீதும் எனக்கு ஒரு பயபக்தி உண்டு. கீழே கிடக்கும் தினசரித்தாள் காலில் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அப்படிப்பட்டவனுக்கு, அவர் புத்தகங்களைக் கையாளும் முறையைக் கேட்டபோது, புத்தகத்தை இப்படியும் நடத்தலாமா என்று தோன்றியது.

ஒரு புத்தகத்தைப் படமாக்க நினைத்தால், அவர் முதலில் அதை வாசிக்காத ஒருவரிடம் போய்க் கதையை வாயால் சொல்வார். கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும். அந்த இன்னொருவர் மூன்றாவது ஆளுக்கு. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'பொறவு, பொறவு' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மூன்று வாய் கடந்த பிறகும் எது மிஞ்சுகிறதோ, அதுதான் படம். வழியில் உதிர்ந்ததைத் தானும் விட்டுவிடுவார். ஆனால் யாராவது புதிதாகச் சேர்த்தால் அதை எடுத்துக்கொள்ள மாட்டார். "உதிர்வது கதையின் வேலை. சேர்ப்பது சொல்கிறவரின் ஆசை" என்பது அவர் கணக்கு.

ஒருமுறை தலையணை மொத்தத்துக்கு ஒரு குடும்ப நாவல். அதை ஒரு கறிக்கடைக்காரருக்குச் சொல்லியிருக்கிறார். கறிக்கடைக்காரர் மனைவிக்கு, மனைவி அக்காவுக்கு. கடைசியில் அக்காளின் வாயில் யுத்தம் இல்லை, சொத்துச் சண்டை இல்லை. ஒரு குளிர்கோட்டு மட்டும் மிஞ்சியது. தகப்பன் போட்டது, மகன் போட்டது, மருமகள் வெட்டிப் பிள்ளைக்குத் தைத்தது. படம் முழுக்க அந்தக் கோட்டின் பின்னாலேயே போனதாம். நான் இப்போது வேலை பார்க்கும் ஜெர்மன் ஆலையில் என்னோடு நிற்கும் ஒருவர் அந்தப் படத்தைப் பள்ளியில் பார்த்தவர். "நாவலைப் படிக்காமல் அதைப் பார்த்துவிட்டுத் தேர்வு எழுதினேன். கோட்டைத் தவிர ஒன்றும் எழுதத் தெரியவில்லை. ஆனாலும் ஆசிரியை பாஸ் போட்டுவிட்டாள்" என்றார்.

தோற்ற கதையையும் அவரே சொல்வார். தயாரிப்பாளர் அவசரப்படுத்தினார் என்று ஒரே ஒருமுறை யாருக்கும் சொல்லிப் பார்க்காமல், புத்தகத்தில் இருந்தபடி வரிக்கு வரி எடுத்துவிட்டாராம். ஓடிய அரங்கில் போய்ப் பார்த்தால் இரண்டே பேர். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். "மற்றவர் படம் ஓட்டுபவர். அவர் வேலைக்காக விழித்திருந்தார்" என்று முடித்துவிட்டு எங்களைவிட முந்திக்கொண்டு சிரிப்பார்.

எங்கள் ஊருக்கு அவர் வந்ததற்குக் காரணமும் இந்த மூன்று வாய்தான். சிறு வயதிலிருந்தே அவருக்குப் பிடித்த ஒரு பழைய குறுநாவல். தன் தங்கை இருந்த முதியோர் இல்லத்தில் ஒரு நர்ஸுக்கு அதைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் எங்கள் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அவள் திருப்பிச் சொன்னபோது ஜெர்மன் ஆறு தாமிரபரணியாகிவிட்டது, ரொட்டி சோறாகிவிட்டது. "கதை வீடு மாறிப் போய்விட்டது. பின்னாலேயே வந்தேன்" என்றார். முதல் வாய் அந்த நர்ஸ். மீதி இரண்டு வாய்க்குத்தான் இங்கே வந்திருந்தார்.

திருநெல்வேலிக்குக் கிழக்கே, ஆறு கடலைப் பார்த்து இறங்கும் வழியில் எங்கள் ஊர். எங்கள் வீட்டு முன்னறையில் மத்தியானம் தெருப் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். அங்கே அவரை அழைத்துப் போனேன். காலை மடக்கி உட்கார வராமல் நீட்டிக்கொண்டார்.

"அல்லாவே, காலு வாசல் வரைக்கும் வருதே!" என்றாள் பக்கத்து வீட்டு மாமி. "பைய மடக்கச் சொல்லுலே. யாராவது மிதிச்சிரப் போறாவ."

நர்ஸ் சொன்னதை அவர் வழியாகக் கேட்டிருந்த நான், இரண்டாவது வாயாகக் கதையைச் சொன்னேன். ஒரு ரொட்டிக்கடைக்காரர் மகள். கல்யாண நாள். ஊரே வந்தாயிற்று, மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. பெண் அழவில்லை. எல்லாரையும் பந்தியில் உட்கார வைத்துத் தானே பரிமாறினாள். எல்லாரும் போன பிறகு ஒற்றை விளக்கில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். அவ்வளவுதான் கதை.

பீடி சுற்றிய கைகள் நின்றன.

"மாப்பிள்ள ஏன் வரலை?" என்றாள் மாமி.

"புத்தகத்துல சொல்லலை மாமி."

"எழுதுனவனுக்கே தெரியாதா?"

"தெரியாது போல."

"தெரியாததுக்கு எதுக்குலே எழுதுதான்?"

உம்மா புகையிலைத் தூளைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "வராததும் நல்லதுதான். வந்திருந்தா காலம்பூரா அவன் ஒருத்தனுக்குல்லா பரிமாறணும். இது ஒரு நாளோட போச்சு."

சிரிப்பு அடங்கியதும் இன்னொருத்தி கேட்டாள்: "கறி என்ன கறி வச்சாவளாம்?"

நான் அவரிடம் கேட்டுச் சொன்னேன். "வாத்துக்கறி."

"கல்யாணத்துக்கு வாத்தா!" என்றாள் மாமி. "கேட்டியளா, அதான் மாப்பிள்ள வரலை."

ஒவ்வொன்றையும் ஜெர்மனில் சொல்லச் சொல்ல அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். என் வாழ்க்கையில் பார்த்த படித்தவர்களில், எங்கள் வீட்டுப் பெண்கள் பேசுவதை ஒரு சொல் விடாமல் கேட்டவர் அவர்தான்.

ஒரு வாரம் கழித்து, களக்காட்டிலிருந்து வந்த தன் தங்கைக்கு மாமி அதே கதையைச் சொன்னாள். அதுதான் மூன்றாவது வாய். அவர் பக்கத்தில், நான் அவர் காதருகில். மாமியின் கதையில் ரொட்டிக்கடை எண்ணெய்க்கடை ஆகியிருந்தது. வாத்து போய், எங்கள் கல்யாண விருந்துக்கு ஆக்கும் களரி ஆட்டுக்கறியும் கத்திரிக்காய் மாங்காயும் வந்திருந்தன. குதிரை வண்டியும் தேவாலய மணியும் காணவில்லை. பெண் பரிமாறிய அழகு மட்டும் முன்னைவிடப் பெரிதாகியிருந்தது. யார் சோற்றை ஒதுக்குகிறார்கள், யார் இன்னும் கேட்க வெட்கப்படுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வைத்தாளாம்.

முடிவுக்கு வந்தாள். "கடைசிப் பந்தியில ஒரு சஹனுக்கு ஒரு ஆளு கொறைஞ்சுது. நீயே வந்து உக்காருளான்னாவ. உக்காந்தா. சாப்பிட்டா."

சஹன் என்பது எங்கள் கல்யாண வீடுகளில் சோறு வைக்கும் பெரிய தாம்பாளம். ஒரு சஹனைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். ஒரு ஆள் குறைந்தால், 'இங்கன ஒரு ஆளு!' என்று கூப்பிட்டு, வந்து உட்கார்ந்த பிறகுதான் கை வைப்பார்கள். முன்பின் தெரியாதவர் என்றாலும் சரி.

எனக்குப் பொறுக்கவில்லை. "மாமி, அவ தனியாத்தான் சாப்பிட்டா. நான் அப்படித்தானே சொன்னேன்?"

"தனியா எப்படிலே திம்பா?" என்று மாமி என்மேல் பாய்ந்தாள். "கல்யாண வீட்டுல ஒரு புள்ள ஒத்தையா உக்காந்திருந்தா ஒருத்தி கூடவா கூப்பிட மாட்டா? அந்த ஊருல மனுசரே இல்லையா?"

வெட்கத்தோடு மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு பெண்களைச் சொல்லச் சொன்னார். இரண்டு பேர் வாயிலும் அந்தத் 'தனியாக' உதிர்ந்துபோனது. ஆட்டோக்கார அண்ணாச்சியையும் வரவழைத்தார். அவர் கூட்டத்திலிருந்தே ஒரு நல்ல பையனைப் பிடித்துப் பெண்ணுக்குக் கட்டி வைத்துவிட்டார். "அது அவர் ஆசை" என்று இவர் தள்ளிவிட்டார். ஆனால் தனிமை உதிர்ந்தது உதிர்ந்ததுதான். அவர் விதிப்படி அது இனி படத்தில் இருக்கக் கூடாது.

அங்கேதான் சிக்கல். படத்துக்குப் பணம் போட்ட நிறுவனத்தின் ஆள் ஒருவர் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கினார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். எதைத் தொட்டாலும் கையில் கிருமி மருந்து தேய்த்துக்கொள்வார். ஊரை மாற்றியதற்குச் சம்மதம், மொழியை மாற்றியதற்குச் சம்மதம், வாத்து ஆடானதற்கும் சம்மதம். முடிவை மட்டும் தொடக் கூடாது என்றார். "எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், அவள் தனியாகச் சாப்பிட்டாள் என்று. அந்தக் காட்சி இல்லையென்றால் இந்தப் படத்தை நாங்கள் வெளியிட மாட்டோம். ஒப்பந்தம் அப்படித்தான்."

இயக்குநர் வாதாடவில்லை. ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர். இரண்டு நாட்கள் படித்துறையில் போய் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. "என்னலே, அம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லையா?" என்று உம்மா என்னிடம் விசாரித்தாள். "புத்தகத்தையும் விட முடியாது, உங்களையும் விட முடியாது" என்று மட்டும் அவர் என்னிடம் சொன்னார். "இதுதான் என் கடைசிப் படம். அதிலா இப்படி?"

படப்பிடிப்பு ஒரு பழைய பெரிய வீட்டில். பகல் பதினொரு மணிக்கு ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி இரவாக்கினார்கள். அவர் படங்களில் சாப்பாடு நிஜச் சாப்பாடாகத்தான் இருக்கும். வந்த எல்லாருக்கும் சேர்த்து ஆக்க வேண்டும். பின்கட்டில் தேக்சா தேக்சாவாக நெய்ச்சோறு இறங்கியது. எங்கள் தெருப் பெண்கள் முந்தின நாளே நிபந்தனை போட்டிருந்தார்கள்: முகம் படத்தில் விழக் கூடாது. அதனால் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நின்றார்கள்.

அலங்காரப் பொறுப்பில் இருந்த வெளியூர்ப் பையன்கள், பார்க்க நிறைவாக இருக்கட்டும் என்று ஒரு முழு சஹனைக் குவித்துக் கொண்டுவந்து மணப்பெண்ணின் முன்னால் வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த நாடக நடிகை அவள். பசி நிஜமாக இருக்கட்டும் என்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ஒற்றை விளக்கு. கேமரா ஓடத் தொடங்கியது. ஒத்திகையில் செய்தபடியே அவள் கையை நீட்டி, சோற்றுக்குமேல் அப்படியே நிறுத்தினாள்.

"என்னலே இது?" மாமி என் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தாள். "மூணு பேரு சஹன ஒத்தைப் புள்ளைக்கு முன்னால வச்சிருக்காவ?"

"சும்மா இருங்க மாமி. படம் எடுக்காவ."

"படம் எடுத்தா வயிறு இல்லையா? பாரு, கை வைக்க மாட்டேங்கா. ஆளுக்குல்லா காத்துக்கிட்டிருக்கா."

நான் துப்பட்டி நுனியைப் பிடிப்பதற்குள் போய்விட்டாள். கேமராவுக்கு முதுகு காட்டி சஹனின் ஒரு பக்கம் உட்கார்ந்தாள். "பிஸ்மி சொல்லிக் கை வையி புள்ள." பிறகு திரும்பாமலே குரல் கொடுத்தாள்: "ஏளா, இன்னும் ஒரு ஆளு கொறையுது. வா."

கூப்பிட்டது என் உம்மாவை. உம்மா என்னைப் பார்த்தாள். அவள் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

கேமராவுக்குத் தெரிந்த இரண்டு முதுகுகளுக்கு நடுவே நடிகை தலை நிமிர்ந்து அவர்கள் முகங்களைப் பார்த்தாள். கை சோற்றில் இறங்கியது. "நிறுத்துங்கள்!" என்றார் பணம் போட்ட நிறுவனத்தின் ஆள், பல்லைக் கடித்துக்கொண்டு. இயக்குநர் திரும்பவேயில்லை. பின்பக்கமாக உள்ளங்கையை மட்டும் விரித்துக் காட்டினார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. வளையல் சத்தம், மெல்லும் சத்தம். நடுவில் மாமியின் குரல்: "கத்திரிக்காய அவ பக்கம் தள்ளுளா."

போதும் என்று அவர் சொன்னபோது சஹனில் பாதி காலி.

கறுப்புத் துணிகளை விலக்கியதும் வெயிலோடு சண்டையும் உள்ளே வந்தது. அந்த ஆளுக்கு முகம் சிவந்துவிட்டது. இன்னொருமுறை எடுக்க வேண்டும், புத்தகப்படி எடுக்க வேண்டும் என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "கடைசிப் பக்கத்தை இவன் உரக்க வாசிக்கட்டும். எதை உடைத்தீர்கள் என்று எல்லாரும் கேட்கட்டும்" என்றார்.

இயக்குநர் தன் பழைய பிரதியை என் கையில் கொடுத்தார். எத்தனையோ தடவை பிரிந்து ஒட்டிய புத்தகம். நான் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல வாசித்தேன். "தெருவில் விருந்தாளிகளின் வண்டிகள் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒரு விளக்கைத் தவிர எல்லாம் அணைந்திருந்தன. அவள் உட்கார்ந்தாள். சாப்பிட்டாள்."

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. பக்கத்தைத் திருப்பினேன். வெள்ளைத்தாள்.

"திரும்ப வாசி" என்றார் அந்த ஆள். வாசித்தேன். "தனியாக எங்கே?" என்றார். இல்லை என்றேன். புத்தகத்தைப் பிடுங்கித் தானே விரல் வைத்துப் படித்தார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து படிக்கிறேன். அந்தச் சொல்லை நான்தான் வைத்துப் படித்திருக்கிறேன். நாங்கள் எல்லாருமே வைத்துப் படித்திருக்கிறோம்!"

"என்னலே சொல்லுதாவ?" என்றாள் மாமி, கையில் ஒட்டிய சோற்றோடு.

"நீங்க உக்காந்ததுல தப்பு இல்லையாம் மாமி. புத்தகத்துல அவ தனியா இருந்தான்னு எங்கேயும் இல்லையாம்."

"சோறு திங்க உக்காந்ததுல என்னலே தப்பு? என் மூஞ்சி விழுந்துச்சா, அதச் சொல்லு மொதல்ல."

"முதுகுதான் விழுந்திருக்கு."

"அப்பச் சரி."

பின்கட்டில் தேக்சாக்களைத் திறந்துவிட்டார்கள். நெய்யும் ஏலமும் மணத்தன. வேலை பார்த்தவர்கள் மூன்று மூன்று பேராக உட்கார ஆரம்பித்தார்கள். பணம் போட்ட நிறுவனத்தின் ஆள் இன்னும் அந்தக் கடைசிப் பக்கத்திலேயே நின்றார். பாதி காலியான சஹனைப் பார்த்தார். விரலை நக்கிக்கொண்டிருந்த நடிகையைப் பார்த்தார். புத்தகத்தை மூடி இயக்குநர் கையில் கொடுத்து, "இருக்கட்டும். இதுவே முடிவாக இருக்கட்டும்" என்றார்.

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யார் காதிலும் விழாமல் ஒன்று கேட்டார்: கையை முதலிலேயே கழுவிக்கொண்டு போய் உட்கார வேண்டுமா, உட்கார்ந்த பிறகு தண்ணீர் கொண்டுவருவார்களா?